வேலை நேரமும் வசிப்புரிமையும்: பகுதிநேரப் பணிக்கு மாறும் வெளிநாட்டவரின் விசா புதுப்பிப்பு

வெளிநாட்டவர் ஒருவருக்கு வழங்கப்படும் பணி விசா அவருடைய பெயரில் இருந்தாலும், பெரும்பாலான நாடுகளில் அது ஒரு குறிப்பிட்ட வேலை ஒப்பந்தத்தைச் சார்ந்தே நிற்கிறது. வேலை தரும் நிறுவனம், பதவியின் தன்மை, வாரத்திற்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எவ்வளவு ஊதியம் ஆகிய விவரங்களைப் பார்த்தே அனுமதி அளிக்கப்படுவதால், அவற்றுள் ஒன்று மாறினாலும் அனுமதியின் அடிப்படை ஆட்டம் காண்கிறது. நிறுவனம் மாறுவதைப் பற்றியும் பதவி மாறுவதைப் பற்றியும் குடிவரவு விதிகள் விரிவாகவே பேசுகின்றன. ஆனால் அதே நிறுவனத்தில் அதே பதவியில் அதே வேலையைச் செய்துகொண்டு, வேலை நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள விரும்புகிறவரைப் பற்றி அவை பெரும்பாலும் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. அவருடைய நிலையை ஊதிய வரம்பு என்ற ஒற்றை எண் தீர்மானித்துவிடுகிறது.

இந்தச் சிக்கலின் வேர், ஒரே ஒப்பந்தத்தை இரண்டு சட்டங்கள் இரண்டு அளவுகோல்களால் அளப்பதில் இருக்கிறது. தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் பகுதிநேரம் என்பது முழுநேரத்தின் ஒரு பங்கு. மணிக்குரிய ஊதியம் குறையாதவரை தொழிலாளியின் தகுதியோ மதிப்போ குறைந்ததாக அது கருதுவதில்லை. குடிவரவுச் சட்டமோ ஆண்டின் முடிவில் கைக்கு வரும் மொத்தத் தொகையைப் பார்க்கிறது. எத்தனை மணி நேர உழைப்புக்கு அந்தத் தொகை வந்தது என்பதை அது பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரு சட்டம் உரிமையாகக் கொடுத்ததை மற்றொரு சட்டம் இவ்வாறு பயன்படுத்த முடியாததாக்கிவிடுகிறது. அதுவும் முதல் அனுமதியின்போது கண்ணில் படாமல், பெரும்பாலும் புதுப்பிப்பின்போதே வெளிப்படுகிறது.

பகுதிநேர உழைப்பு ஓர் உரிமையாக வளர்ந்த வரலாறு அண்மைக் காலத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதிநேரப் பணி பற்றிய 175ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் வெளியிட்ட ஆணை, பகுதிநேரத் தொழிலாளர்களை அவர்கள் குறைந்த நேரம் உழைக்கிறார்கள் என்பதற்காக மட்டும் தாழ்வாக நடத்தக் கூடாது என்றும், பொருத்தமான இடங்களில் ஊதியத்தையும் சலுகைகளையும் வேலை நேரத்தின் விகிதத்திற்கேற்பக் கணக்கிட வேண்டும் என்றும் விதித்தது. ஜெர்மனி இந்த ஆணையைத் தன் சட்டமாக்கியது 2001இல். அதன்படி, 15 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்த எவரும், மூன்று மாதம் முன்னதாகத் தெரிவித்து, தம் வேலை நேரத்தைக் குறைக்கும்படி கோரலாம். தக்க நிர்வாகக் காரணம் இல்லாமல் நிறுவனம் அதை மறுக்க முடியாது. நேரத்தைக் குறைத்தவர்கள் மீண்டும் முழுநேரத்திற்குத் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்வது பெரிய குறையாக இருந்ததால், 45 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பின்னர் பழைய நேரத்திற்கே திரும்பும் உரிமை 2019 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டது. இவ்வுரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மியூனிக் சென்று மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் பொறியாளருக்கும் அவை அப்படியே பொருந்தும்.

ஆனால் அந்தப் பொறியாளர் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டில் இருப்பார். உயர்கல்வித் தகுதியுடைய வெளிநாட்டவருக்கான வசிப்பு அனுமதி அது. 2009இல் உருவாகி 2021இல் புதிய ஆணையால் திருத்தப்பட்டது. ஜெர்மனியில் அதைப் பெற்றவர்களுள் இந்தியரே முதலிடத்தில் உள்ளனர். அதன் ஊதிய வரம்பு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் விவாதித்து முடிவு செய்யும் தொகையன்று. ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்கப்படும் ஊதியத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எவ்வளவு ஈட்டினாலும் கூடுதல் சந்தா கிடையாது. அந்த உச்சவரம்பின் சரிபாதியே 2023 நவம்பர் முதல் ப்ளூ கார்டின் பொது வரம்பு. ஆட்பற்றாக்குறை உள்ளதாகச் சட்டம் பட்டியலிடும் தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்றாண்டு கடக்காத புதியவர்களுக்கும் அது 45.3 விழுக்காடாகக் குறைகிறது. நாட்டின் ஊதியங்கள் உயரும்போது ஓய்வூதிய உச்சவரம்பு உயர்கிறது. அதனுடன் விசாவின் வரம்பும் தானாகவே உயர்ந்துவிடுகிறது. 2024இல் 45,300 யூரோவாக இருந்த பொது வரம்பு 2025இல் 48,300 ஆகவும், 2026இல் 50,700 ஆகவும் ஏறியது.

இந்தத் தொகை வேலை நேரத்திற்கேற்பச் சுருங்குவதில்லை. பகுதிநேர வேலைக்கு ப்ளூ கார்டு கிடையாது என்று எந்த விதியும் கூறவில்லை. பகுதிநேரத்தில் ஈட்டுவதும் முழு வரம்பைத் தொட வேண்டும் என்பதே நிபந்தனை. அதன் விளைவை எளிய கணக்கில் காணலாம். பாதி நேரம் மட்டும் உழைத்துக்கொண்டு பொது வரம்பை எட்ட வேண்டுமானால், ஒருவரின் முழுநேர ஊதியம் 2026இல் 1,01,400 யூரோவாக இருக்க வேண்டும். அது ஓய்வூதியச் சந்தாவின் உச்சவரம்பேதான். அதாவது, ஓய்வூதியச் சந்தாவின் கணக்குக்கே அப்பாற்பட்ட உயர் ஊதியக்காரருக்கு மட்டுமே பாதிநேரப் பணி விசாவுக்குப் பாதகமில்லாத தேர்வாக அமைகிறது. ஆட்பற்றாக்குறைத் தொழில்களிலும் முழுநேர ஊதியம் 91,000 யூரோவைத் தாண்டினாலொழிய பாதி நேரம் கைகூடாது. 70,000 யூரோ ஈட்டும் பொறியாளர் பொது வரம்பின் கீழ் வாரத்திற்கு 40 மணி நேரத்தை 29 ஆகக் குறைக்கலாம். 55,000 ஈட்டுபவர் 37 மணிக்குக் கீழே இறங்க முடியாது. ஒரே சட்டம் வழங்கிய ஒரே உரிமை, ஊதியம் குறையக் குறைய, இல்லாத உரிமையாகவே ஆகிவிடுகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் புதுப்பிப்பில் எழுகிறது. வசிப்பு அனுமதியை நீட்டிப்பதற்கும் அதை முதலில் வழங்கியபோது பொருந்திய விதிகளே பொருந்தும் என்பது ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் பொதுக் கொள்கை. ஆகவே நீட்டிக்கும் ஆண்டின் வரம்பையே விண்ணப்பதாரர் எட்ட வேண்டியிருக்கிறது. பொது வரம்புக்கு உட்பட்ட ஒருவர் 2024இல் 60,000 யூரோ முழுநேர ஊதியத்திலிருந்து வாரத்திற்கு 32 மணி நேரத்திற்கு மாறினார் என்று கொள்வோம். அவருடைய ஊதியம் 48,000 யூரோ. அன்றைய வரம்பான 45,300க்கு மேல் நல்ல இடைவெளி இருப்பதால் எந்தத் தடையும் தோன்றாது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அட்டை காலாவதியாகும்போது ஊதியம் உயராமலே இருந்தால், அவர் எந்தத் தவறும் செய்யாமலே 50,700 என்ற வரம்புக்குக் கீழே நிற்பார். முழுநேரம் பணிபுரிபவருக்கு வரம்பின் ஆண்டு உயர்வு பெரும்பாலும் உறைப்பதில்லை. நேரத்தைக் குறைத்தவர்களோ வரம்புக்கும் ஊதியத்திற்கும் இடையே இருந்த இடைவெளியைத்தான் நேரமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், ஒவ்வோர் உயர்வும் நேரடியாக அவர்களைத் தாக்குகிறது. பகுதிநேரத்திற்கு மாறும் நாளில் வரம்பைத் தாண்டியிருப்பது போதாது. அட்டை முடியும் நாள் வரையிலான உயர்வையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். ஊர்விட்டு ஊர் சென்றவர்களுக்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு இதை எடுத்துச்சொல்லும் என்று எதிர்பார்க்க இயலாது. தொழிலாளர் சட்டம் அறிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். வசிப்புச் சட்டத்தையும் சேர்த்து அறிந்தவர்கள் அரிது.

வரம்புக்குக் கீழே வந்துவிட்டவர் உடனே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டதாரிகளான திறன்மிகு பணியாளர்களுக்கு ஜெர்மனியில் ப்ளூ கார்டு அல்லாத மற்றொரு வசிப்பு அனுமதி உண்டு. அதற்கு நிலையான ஊதிய வரம்பு இல்லை. அந்நாட்டுத் தொழிலாளருக்கு ஒத்த வேலை நிபந்தனைகள் இருக்கின்றனவா என்பதையும், அரசின் நிதியுதவியை நாடாமல் மருத்துவக் காப்பீட்டுடன் வாழப் போதுமான வருவாய் இருக்கிறதா என்பதையும் மட்டுமே அதில் பார்ப்பார்கள். அந்த வருவாய்க் கணக்கில் குழந்தைகளுக்கான மாதாந்தர உதவித்தொகையும் பெற்றோர் உதவித்தொகையும் அரசை நாடிப் பெற்ற உதவிகளாகக் கருதப்படுவதில்லை என்பது குழந்தை உள்ளவர்களுக்கு முக்கியமான செய்தி. ஆகவே நேரத்தைக் குறைக்க விரும்புபவர் அட்டை முடியும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கொள்ளும். ஆனால் இந்த மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. ப்ளூ கார்டில் இருப்பவர் ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்ச்சி பெற்றிருந்தால் 21 மாதத்திலும், அடிப்படைத் தேர்ச்சியான ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். மற்ற அனுமதியில் அதற்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். 45 வயதைக் கடந்தபின் அந்த அனுமதியை முதன்முறையாகப் பெறுபவருக்கோ, ஓய்வூதிய உச்சவரம்பில் 55 விழுக்காடு ஊதியம் அல்லது முதுமைக்குப் போதுமான ஏற்பாட்டுக்கான சான்று வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்கிறது. அது ப்ளூ கார்டின் வரம்பைவிட உயர்ந்தது என்பதால், நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொள்ள நேரத்தைக் குறைக்க விரும்பும் நடுவயதினருக்கு இந்த வழியும் எளிதில் திறப்பதில்லை.

2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணையை எழுதியவர்கள் இச்சிக்கலின் ஒரு பகுதியை உணர்ந்திருக்கிறார்கள். நோய், உடற்குறைபாடு, பெற்றோர் விடுப்பு ஆகிய காரணங்களால் ஒருவரின் ஊதியம் தற்காலிகமாக வரம்புக்குக் கீழே இறங்கினால், 12 மாதத்திற்கு மேற்படாத காலத்திற்கு அதைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்கவோ புதுப்பிக்க மறுக்கவோ கூடாது என்று அது கூறுகிறது. இது மெய்யான முன்னேற்றம். ஆயினும் ஜெர்மனியில் பெற்றோர் விடுப்பு ஒரு குழந்தைக்கு மூன்றாண்டு வரை நீளக்கூடியது. அக்காலத்தில் வாரத்திற்கு 32 மணி நேரம் வரை வேலை செய்யவும் அனுமதி உண்டு. மூன்றாண்டுக்கான உரிமைக்கு ஓராண்டுப் பாதுகாப்பை அளிக்கும் விதி, எஞ்சிய இரண்டு ஆண்டுகளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறது.

ஐரோப்பாவிலேயே பகுதிநேரப் பணி மிகப் பரவலாக இருக்கும் நெதர்லாந்தில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கே பணிபுரியும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பகுதிநேரம் உழைக்கிறார்கள். ஆண்களிடையேகூட வாரத்தில் நான்கு நாள் வேலை என்பது யாரையும் வியக்க வைப்பதில்லை. வேலை நேரத்தை மாற்றும்படி கோரும் உரிமை 2000ஆம் ஆண்டிலேயே சட்டமாகி, 2016இல் விரிவாக்கப்பட்டது. அதே நாட்டில் உயர்திறன் குடியேறிகளுக்கான அனுமதி, 30 வயது நிறைந்தவருக்கு 2025இல் மாதம் 5,688 யூரோ, அதற்குக் குறைந்த வயதினருக்கு 4,171 யூரோ என்ற வரம்பை, விடுமுறைப்படியைச் சேர்க்காமல், வைத்திருந்தது. பகுதிநேரத்திற்காக அது குறைக்கப்படுவதில்லை. உடன் பணிபுரியும் டச்சு நாட்டவரைப் போலவே வாரத்தில் நான்கு நாள் வேலை செய்ய விரும்பும் 30 வயதைக் கடந்த வெளிநாட்டவரின் முழுநேர ஊதியம் அவ்வாண்டு மாதம் 7,110 யூரோவாக இருக்க வேண்டியிருந்தது. வந்த நாட்டின் வாழ்க்கை முறையோடு ஒன்றிப்போகும்படி குடியேறிகளை அறிவுறுத்தும் அரசு, அந்த வாழ்க்கை முறையின் மிக இயல்பான கூறு ஒன்றை அவர்களுக்கு எட்டாக் கனியாக வைத்திருக்கிறது.

பிரிட்டனில் இரண்டு அளவுகோல்களும் ஒரே விதியில் அருகருகே இருக்கின்றன. திறன்மிகு பணியாளர் விசாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வழக்கமான ஊதிய அளவு வகுக்கப்பட்டுள்ளது. அது வாரத்திற்கு 37.5 மணி நேரம் என்ற அடிப்படையில் அமைந்து, உழைக்கும் நேரத்திற்கேற்பக் கூடவும் குறையவும் செய்கிறது. அதற்கு மேலாக, எந்த நேரக் கணக்கும் இல்லாத பொது வரம்பு ஒன்றும் உண்டு: 2024 ஏப்ரல் முதல் 38,700 பவுண்டாக இருந்த அது 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டு ஆனது. இரண்டையும் தாண்ட வேண்டும் என்பதால், முதல் அளவுகோலின் நியாயத்தை இரண்டாவது அளவுகோல் தின்றுவிடுகிறது. தேசிய ஊதிய அட்டவணைப்படி சம்பளம் பெறும் செவிலியர் போன்றோருக்குப் பொது வரம்பு தாழ்வானது. 2025 ஏப்ரல் முதல் அது 25,000 பவுண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் செவிலியரின் தொடக்க ஊதியம் 2025-26ஆம் ஆண்டில் 31,049 பவுண்டு. அந்த ஊதியத்தில் அவர் நேரத்தைக் குறைத்தால் ஏறத்தாழ 30 மணி வரை மட்டுமே இறங்க முடியும். பாதிநேர வேலை என்பது விசாவுக்கு உட்பட்டு இயலாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயின்று அங்கே சென்ற செவிலியர்களுள் பலர் இளம் தாய்மார்கள்; பாட்டி தாத்தா துணையின்றிக் குழந்தை வளர்ப்பவர்கள். அவர்களுக்கு இந்த 30 மணிக் கோடு நாள்தோறும் எதிர்ப்படும் நடைமுறை எல்லை.

பிரிட்டன் விதிகளில் ஒரு நல்ல விலக்கும் இருக்கிறது. உடல்நலக் காரணத்தால் வேலை நேரத்தைக் குறைக்கவோ, நோய்க்குப் பின் படிப்படியாக வேலைக்குத் திரும்பவோ பணிசார் மருத்துவ மதிப்பீடு பரிந்துரைத்தால், மணிக்குரிய ஊதியம் விதித்த அளவுக்குக் குறையாதவரை, மொத்த ஊதியம் குறைந்ததற்காக விசாவை ரத்து செய்ய மாட்டார்கள். மணிநேர ஊதியத்தை அளவுகோலாகக் கொண்டு விசாவை நிர்வகிக்க முடியும் என்பதை அந்த அரசே இதன்மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பணியாளருக்கே நோய் என்றால் ஏற்கும் அந்த அளவுகோலை, நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக மறுப்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் தென்படவில்லை. விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் நிறுவனம் ஊதியக் குறைப்பைப் பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் இருப்பதால், மேலாளருடன் வாய்மொழியாகப் பேசி நேரத்தைக் குறைத்துக்கொள்வது பெரும் ஆபத்து. அது புதுப்பிப்பின்போது ஊதியச் சீட்டுகளில் வெளிப்படும்.

அமெரிக்காவின் எச்-1பி விசா, கடுமையானது என்று பெயர் பெற்றிருந்தாலும், இந்த ஒரு கூறில் மணிநேர அளவுகோலைப் பின்பற்றுகிறது. அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்தையும் நிறுவனம் ஒத்த பணியாளர்களுக்குத் தரும் ஊதியத்தையும் ஒப்பிட்டு, இரண்டில் உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். அதை மணிக்கணக்கிலும் காட்டலாம் என்பதால் பகுதிநேர எச்-1பி முழுக்கச் சட்டப்படியானது. முழுநேரத்திலிருந்து மாறும்போது நிறுவனம் புதிய தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பத்தையும் திருத்திய மனுவையும் முன்கூட்டியே தாக்கல் செய்வதே பாதுகாப்பான வழி. இல்லையேல் நீட்டிப்பின்போது, மனுவில் சொன்ன முழுநேர ஊதியத்துக்கும் வரிப் படிவத்தில் தெரியும் ஊதியத்துக்கும் உள்ள வேறுபாடு கேள்வியாக எழும். இந்தத் தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு: எச்-1பியின் ஆறாண்டு உச்சவரம்பில் பகுதிநேர ஆண்டும் முழு ஆண்டாகவே கழிகிறது, நிறுவனத்தின் வழியே நிரந்தர வசிப்புரிமை அட்டைக்குச் செல்லும் தொழிலாளர் சான்றிதழோ முழுநேர, நிரந்தர வேலைக்கு மட்டுமே தரப்படுகிறது.

ஊதிய வரம்புகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களைப் புறக்கணிக்க முடியாது. குறைந்த கூலிக்கு வெளிநாட்டவரை அமர்த்தி உள்நாட்டினரின் ஊதியத்தை இறக்குவதைத் தடுப்பது ஒன்று. வந்தவர் அரசின் உதவித்தொகையை நம்பி வாழாமலிருப்பதை உறுதி செய்வது மற்றொன்று. உயர்திறன் என்பதை அளக்க ஊதியத்தை அடையாளமாகக் கொள்வது மூன்றாவது. முதல் நோக்கத்தை மணிநேர ஊதிய அளவுகோல் முழுமையாக நிறைவேற்றும். குறைந்த மணிநேரம் உழைத்து, மணிக்கு அதே ஊதியம் பெறுபவர் யாருடைய கூலியையும் இறக்குவதில்லை. இரண்டாவதற்கு வாழ்வாதாரச் சோதனை தனியாகவே இருக்கிறது. மூன்றாவது முதல் அனுமதியின்போதே நிரூபிக்கப்பட்டுவிட்டது. வாரத்தில் ஒரு நாள் குறைத்துக்கொண்டதால் ஒரு மருத்துவரின் மருத்துவ அறிவோ பொறியாளரின் திறனோ குறைந்துவிடுவதில்லை. முதல் அனுமதிக்கும் புதுப்பிப்புக்கும் ஒரே சோதனையை வைக்கும் சட்டம், இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. முழுநேர ஒப்பந்தம் காட்டி விசா பெற்றுக்கொண்டு மறுமாதமே நேரத்தைக் குறைக்கும் போலி ஏற்பாடுகள் பெருகும் என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. ஜெர்மனியில் ப்ளூ கார்டு பெற்றவர் முதல் 12 மாதத்திற்குள் வேலை மாறினால் மட்டுமே வெளிநாட்டவர் அலுவலகம் தலையிட முடியும். அதே போல, முதல் ஆண்டு முழு வரம்பையும் அதன்பின் மணிநேர ஊதியத்தையும் பார்க்கலாம்.

இந்தச் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஜெர்மனியில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பகுதிநேரத்தில் இருக்கிறார்கள். ஆண்களில் அந்தப் பங்கு மிகச் சிறியது. ஆகவே ஊதிய வரம்பில் ஆண், பெண் என்ற சொல் எங்கும் இல்லாவிட்டாலும் அதன் பாரம் பெரும்பாலும் பெண்களிடம் போய்ச் சேர்கிறது. கணவர், மனைவி இருவரும் தனித்தனியே ப்ளூ கார்டில் வந்த குடும்பங்களில், குழந்தை பிறந்தபின் குறைந்த ஊதியம் பெறுபவர் தன் சொந்த அனுமதியைக் கைவிட்டு மற்றவரின் குடும்ப அனுமதிக்கு மாறுவது எளிதாகத் தோன்றும். குடும்ப அனுமதியில் எத்தனை மணி நேரமும் வேலை செய்யலாம் என்பதால் உடனடிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அன்றுமுதல் அவருடைய வசிப்புரிமை தன் படிப்பையும் வேலையையும் சார்ந்ததாக இல்லாமல் மணவாழ்வைச் சார்ந்ததாகிறது. மணமுறிவோ குடும்பத்தில் வன்முறையோ நேர்ந்தால் அதன் பொருள் என்னவென்பது ஆலோசனை மையங்களில் பணிபுரிவோர் நன்கு அறிந்தது.

நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கு இந்த வரம்பு எதுவும் கிடையாது. 21 மாதம் ப்ளூ கார்டில் பணிபுரிந்து, பி1 தேர்வில் தேறி, நிரந்தர உரிமை பெற்ற ஒருவர் மறுவாரமே பாதி நேரத்திற்கு மாறலாம். அவருடைய ஊதியத்தை எந்த அலுவலகமும் வரம்போடு ஒப்பிடாது. இருபத்தொரு மாதத்திற்குப் பின் தேவையற்றதாகிவிடும் ஒரு சோதனையை, மொழித் தேர்வுக்கு நேரம் கிடைக்காமலோ இடையில் குழந்தை பிறந்ததாலோ அந்தக் கட்டத்தை எட்டாத ஒருவருக்கு மட்டும் முழுக் கடுமையோடு தொடர்வதற்குக் கொள்கை அடிப்படை மிக மெலிந்தது. தேவைப்படும் திருத்தமும் சிறியதே: முதலாண்டு கடந்தபின் வரும் நீட்டிப்புகளில் ஊதிய வரம்பை ஒப்பந்த நேரத்தின் விகிதத்திற்கேற்பக் கணக்கிடுவது, அதனுடன் வாழ்வாதாரச் சோதனையைத் தொடர்வது, பெற்றோர் விடுப்புக்கான 12 மாதப் பாதுகாப்பை அந்தந்த நாட்டின் தொழிலாளர் சட்டம் தரும் விடுப்புக் காலத்தின் அளவுக்கு நீட்டுவது.

அத்திருத்தம் வரும்வரை, நேரத்தைக் குறைக்க எண்ணுபவர் நிறுவனத்திடம் கோரிக்கை வைக்கும் முன்பே மூன்று கணக்குகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது: அட்டை முடியும் ஆண்டில் வரம்பு எவ்வளவாக உயர்ந்திருக்கக்கூடும், நிரந்தர வசிப்புரிமைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, குறைப்பைக் குறித்த காலத்திற்கு மட்டும் கோரினால் முழுநேரத்திற்குத் திரும்பும் நாள் புதுப்பிப்புக்கு முன் வருமா பின் வருமா. நிரந்தர உரிமை ஆறு மாதத்திற்குள் கிடைக்கும் நிலையில் இருப்பவர், இயலுமானால், அதுவரை முழுநேரத்தில் தொடர்ந்து மொழித் தேர்வை முதலில் முடித்துக்கொள்வதே மேல். அதற்கு இயலாதவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, மற்ற அனுமதிக்கு மாறும் வழியைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும்.